பூசாமல் விட்ட ஒரு முழம்: ஆவ் மாதத்தில் எருசலேம்

2023 ஜூலை 19, புதன். ஆவ் 1

எருசலேமின் நஹ்லாவோத் பகுதியில், மஹனே யெஹூதா சந்தையை ஒட்டிய ஒரு சந்தில் தங்கியிருக்கிறேன். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும். வீட்டுக்கார அம்மையாருக்கு எழுபதைத் தாண்டிய வயது. அவருடைய பெற்றோர் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து வந்தவர்கள். கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில், வெள்ளைப் பூச்சுக்கு நடுவே, ஒரு சதுரம் மட்டும் கல்லும் காரையும் தெரியும்படி வெறுமையாக இருந்தது. மழைநீர் இறங்கிய இடத்தைச் செப்பனிடுகிறார்கள் போலும் என்று நினைத்து, வேலை எப்போது முடியும் என்று கேட்டேன். "அது முடியாது. அப்படியேதான் இருக்கும்" என்றார்.

எருசலேமில் இருந்த யூதர்களின் ஆலயம் இடிந்து கிடக்கையில் எவரும் தம் வீட்டைக் குறையில்லாமல் பூசி முடிக்கக் கூடாது, ஒரு சிறு இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்பது யூதர்களின் சமயச் சட்டங்களும் விளக்கங்களும் அடங்கிய தல்மூதில் உள்ள விதி. நீளம் ஒரு முழம், அகலம் ஒரு முழம். அதுவும் வாசலுக்கு நேராக, வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில். அழிவின் நினைவு என்ற பொருளில் அதை ‘ஸேகர் லஹுர்பான்’ என்கிறார்கள். கையை நீட்டி அளந்து பார்த்தேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரியாக அடங்கியது.

நான் வந்திறங்கிய நாளும் அதற்கேற்ற நாளாக அமைந்துவிட்டது. எபிரேய நாட்காட்டியில் மாதங்கள் பிறையோடு பிறக்கின்றன. 12 மாதங்களுக்கு 354 நாட்களே வருவதால், 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டி அதைப் பருவங்களோடு பொருத்துகிறார்கள். நம் தெலுங்கு அண்டை வீட்டார் அதிக மாதம் என்று சொல்வதும் இந்தக் கணக்கைத்தான். நீசான் முதலாக எண்ணினால் ஐந்தாவதாக வரும் ஆவ் மாதம் இன்று பிறந்திருக்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்த காலத்தில் கிடைத்த பெயர் அது. "ஆவ் நுழைந்தால் மகிழ்ச்சியைக் குறைக்க வேண்டும்" என்று தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா சொல்கிறது.

குறைப்பது ஒரே நாளில் நடப்பதில்லை. தம்மூஸ் மாதம் 17ஆம் நாள் நோன்போடு தொடங்கும் மூன்று வாரங்களில் திருமணமும் இசையும் நின்றுவிடும். பலர் முடி வெட்டுவதையும் நிறுத்திவிடுவார்கள். ஆவ் பிறந்ததும் இறைச்சியும் திராட்சை மதுவும் விலகும். துவைத்த துணி விலகும். ஒன்பதாம் நாளான திஷா பேஆவ் அன்று சோறும் நீருமே விலகும். ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாஸிகள் ஒருவிதமாகவும், ஸ்பெயின் மரபினரான ஸெஃபார்திகள் வேறுவிதமாகவும், யெமனிலிருந்து வந்தவர்கள் இன்னும் வேறாகவும் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் எல்லோரும் இந்தப் படிகளில்தான் இறங்குகிறார்கள்.

ஜூலை 20, வியாழன். ஆவ் 2

சந்தையில் கறிக்கடைகளின் முன்னே கூட்டமில்லை. மீனுக்கும் பாலாடைக்கட்டிக்கும் வரிசை நின்றது. தல்மூதின் ஒரு பகுதியைப் படித்து முடிப்பவர் அந்த நிறைவுக்காக விருந்து வைத்தால், அந்த விருந்தில் மட்டும் இந்த நாட்களிலும் இறைச்சி உண்ணலாமாம். படிப்புக்குக் கொடுத்திருக்கும் அந்த மதிப்பு எனக்குப் பிடித்தது.

இரவு உணவுக்கு அம்மையார் மெஜத்ரா சமைத்தார். அரிசியும் முழுப் பருப்பும் சேர்த்து வேகவைத்து, கருகும் பதத்துக்கு வறுத்த வெங்காயத்தை மேலே கொட்டுகிறார்கள். பருப்பு துக்க வீட்டுக்குரிய உணவு என்றார். மற்றப் பயறுகளில் ஒரு பிளவு, வாய் போல, இருக்கும். இந்தப் பருப்புக்கு அது இல்லை. துக்கத்தில் இருப்பவனுக்கும் வாய் இல்லை. ஒரு பருப்பை நகத்தில் எடுத்து எனக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எங்கும் ஒரே வழவழப்பு.

ஜூலை 22, சனி. ஆவ் 4

ஓய்வுநாளில் வெளிப்படையாகத் துக்கம் காப்பதில்லை. ஆகவே மேசைக்கு இறைச்சியும் மதுவும் திரும்பி வந்தன, ஒரு நாளைக்கு மட்டும். ஆயினும் ஜெப ஆலயத்தில் வாசிக்கப்பட்ட பகுதி ஏசாயாவின் முதல் அதிகாரம். அதன் முதற்சொல்லைக் கொண்டு இந்த வாரத்துக்கு ‘ஷபாத் ஹஸோன்’, தரிசனத்தின் ஓய்வுநாள், என்று பெயர். உண்மையுள்ள நகரம் எப்படி இவ்வாறாயிற்று என்று தீர்க்கதரிசி கேட்கும் கேள்வி அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. ‘எப்படி’ என்பதற்கு அங்கே வரும் எபிரேயச் சொல் ‘எய்கா’.

மாலையில் நகரமே வேறு முகம் காட்டியது. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்கும் சட்ட முன்வரைவை எதிர்த்து டெல் அவீவிலிருந்து பல நாள் நடந்தே வந்தவர்கள் இன்று எருசலேமுக்குள் நுழைந்தார்கள். எங்கள் சந்திலிருந்து இறங்கினால் வரும் ஸாக்கர் பூங்கா முழுவதும் கூடாரங்கள். வெயிலில் முகம் கன்றிப்போன பெண்கள், தோளில் குழந்தையோடு தந்தையர், எங்கும் நீல வெள்ளைக் கொடிகள். சட்டத்தை ஆதரிப்பவர்களும் இதே கொடியைத்தான் பிடிக்கிறார்கள்.

ஜூலை 23, ஞாயிறு. ஆவ் 5

மேற்குச் சுவரின் தென்கோடியில், டேவிட்சன் தொல்லியல் பூங்காவில், காலை முழுவதும் இருந்தேன். இந்தப் பயணத்தில் ஓரிடத்தை மட்டுமே பார்க்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் இதையே தேர்ந்திருப்பேன்.

முதல் ஆலயத்தைக் கி.மு. 586இல் பாபிலோனியர் எரித்தார்கள், இரண்டாவதைக் கி.பி. 70இல் தீத்துவின் ரோமப் படை எரித்தது. இரண்டும் ஆவ் மாதத்தின் ஒன்பதாம் நாளில் நிகழ்ந்தன என்பது மரபு. இங்கே இருப்பது இரண்டாவது அழிவின் தடம். ஏரோது மன்னன் காலத்துத் தெரு ஒன்று, அகன்ற பாவுகற்களோடு, கிடந்தபடியே கிடக்கிறது. அதன் மேல், ஆலய வளாகத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடப்பட்ட கற்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, விழுந்த கோலம் கலையாமல் குவிந்திருக்கின்றன. விழுந்த வேகத்தில் பாவுகற்கள் உடைந்து அமிழ்ந்திருக்கின்றன. ஒரு பிளவின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது.

இந்தக் குவியலை ஒட்டித்தான் பெஞ்சமின் மஸாரின் அகழாய்வில் ஒரு மூலைக்கல் கிடைத்தது. ‘எக்காளம் ஊதும் இடத்துக்கு’ என்று அதில் எழுத்து வெட்டியிருக்கிறது. தொடர் முடியும் முன்பே கல் உடைந்துவிட்டது. ஓய்வுநாள் தொடங்குவதையும் முடிவதையும் மேலே நின்று ஒருவர் ஊதி அறிவித்த மூலை அது. வேலையை நிறுத்து என்று நகரத்துக்குச் சொல்லிவந்த இடமே இடிந்து தெருவில் விழுந்ததை நினைக்கையில், படைகளைப் பற்றியும் முற்றுகையைப் பற்றியும் படித்ததெல்லாம் பின்னால் போய்விட்டது.

அங்கிருந்து யூதக் குடியிருப்பில் உள்ள எரிந்த வீட்டுக்குப் போனேன். 1970இல் நஹ்மான் அவிகாத் தோண்டியெடுத்த வீடு அது. கரியும் சாம்பலும் படிந்த அறைகளில் கல் பாத்திரங்கள், ‘பர் கத்ரோஸ்’ என்று பெயர் பொறித்த ஓர் எடைக்கல், ஓர் ஈட்டி, ஓர் இளம்பெண்ணின் கையெலும்பு. கத்ரோஸ் ஒரு குருமார் குடும்பம். அவர்களுடைய எழுதுகோலால் வந்த துன்பத்தை நினைத்து அழும் ஒரு வரி தல்மூதில் இருக்கிறது. அழிந்தவர்களெல்லாம் நல்லவர்கள் என்று இந்த மரபு சொல்லிக்கொள்வதில்லை.

ஜூலை 24, திங்கள். ஆவ் 6

பிற்பகலில் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. ஆதரவாக 64 வாக்குகள். எதிர்க்கட்சியினர் வாக்கெடுப்பைப் புறக்கணித்து வெளியேறிவிட்டார்கள். சாலைகளில் மக்களைக் கலைக்கத் தண்ணீர் பீய்ச்சினார்கள். இரவு நெடுநேரம் பறையொலி கேட்டது.

அம்மையார் எந்தப் பக்கத்தையும் பேசவில்லை. அவருடைய பேரன் கூடாரத்தில் இருக்கிறான்; மருமகன் சட்டத்தை ஆதரிக்கிறவர். அவர் எனக்கு ஒரு கதை சொன்னார். எருசலேமில் ஒருவன் விருந்து வைத்து, கம்ஸா என்ற நண்பனை அழைத்துவரப் பணியாளை அனுப்பினான். பணியாள் தவறுதலாக, அவனுடைய பகைவனான பர் கம்ஸாவை அழைத்து வந்துவிட்டான். வீட்டுக்காரன் எழுந்து போகச் சொன்னான். "வந்துவிட்டேன், அவமானப்படுத்தாதே, நான் உண்பதற்கு விலை தருகிறேன்" என்றான் பர் கம்ஸா. முடியாது என்றான். "விருந்தின் பாதிச் செலவைத் தருகிறேன்." முடியாது. "முழுச் செலவையும் தருகிறேன்." கையைப் பிடித்து வெளியே தள்ளினான். தள்ளப்பட்டவன் ரோமரிடம் போனான். அழிவு அங்கிருந்து தொடங்கியது.

"அவன் ஏன் போனான் தெரியுமா?" என்று கேட்டார் அம்மையார். "தள்ளினவன் மேல் கோபப்பட்டல்ல. அந்தப் பந்தியில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை." இரண்டாம் ஆலயம் அழிந்தது ‘ஸினத் ஹினாம்’, காரணமற்ற பகை, என்ற குற்றத்துக்காக என்று தல்மூத் சொல்கிறது. இந்த வாரம் வானொலியில் இரு தரப்பாரும் அந்தச் சொல்லையே எடுத்தாள்கிறார்கள். ஒவ்வொருவரும் எதிர்த்தரப்பைச் சுட்டி.

ஜூலை 25, செவ்வாய். ஆவ் 7

இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் கொச்சியின் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்புறத்தை அப்படியே கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். மேற்கூரை முழுதும் மரச் செதுக்கல், தாமரை இதழ்கள். கேரளக் கோயில் தச்சர்களின் கைவண்ணம் என்று நம் ஊர்க்காரர் எவருக்கும் பார்த்தவுடன் தெரியும். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இங்கே குடியேறிவிட்டார்கள். எருசலேமின் அழிவை எண்ணி அவர்களும் தென்மேற்குப் பருவமழைக்கு நடுவே ஆவ் மாதந்தோறும் இந்தக் கூரையின் கீழ் தரையில் அமர்ந்து புலம்பியிருப்பார்கள் என்ற நினைவு, கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது.

ஜூலை 26, புதன். ஆவ் 8, மாலையில் ஆவ் 9

நோன்புக்கு முந்தைய கடைசி உணவை அம்மையார் தரையில் தனியாக அமர்ந்து உண்டார். ஒரு ரொட்டித் துண்டு, ஒரு வேகவைத்த முட்டை, தண்ணீர். அடுப்பிலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தார். ரொட்டியின் கடைசி விள்ளலை அதில் தொட்டு, மென்று, விழுங்கி, "இதுவே திஷா பேஆவின் உணவு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டார். பிறகு தோல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் துணிக்காலணி போட்டுக்கொண்டார். ஞாயிறு மறையும் நேரம் 7.40 மணியளவில். அதன் பிறகு மறுநாள் இரவு வரை உணவில்லை, நீரில்லை, குளியலில்லை, எண்ணெய்ப் பூச்சில்லை, தோல் காலணியில்லை, தாம்பத்தியமில்லை. வேதமான தோரா படிப்பது மகிழ்ச்சி தருவது என்பதால் அதுவும் இல்லை. யோபும் எரேமியாவின் துயரப் பகுதிகளும் போன்றவற்றையே படிக்கலாம். ஒருவரையொருவர் வணங்கி நலம் விசாரிப்பதும் இல்லை.

சந்தின் முனையில் உள்ள சிறிய ஜெப ஆலயத்துக்கு அவரோடு போனேன். வேதச் சுருள்களை வைக்கும் திருப்பெட்டியின் முன் தொங்கும் பட்டுத்திரையை அவிழ்த்துவிட்டார்கள். விளக்குகளை அணைத்து, ஒன்றிரண்டு மெழுகுவத்திகளை மட்டும் விட்டார்கள். பெண்கள் பகுதியில் நாங்கள் வெறுந்தரையில் அமர்ந்தோம். மரத்தட்டியின் இடைவெளி வழியே ஆண்களின் வளைந்த முதுகுகள் தெரிந்தன. முதியவர் ஒருவர் எழுந்து, ஆலயம் அழிந்து இன்றோடு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை உரக்க அறிவித்தார். அப்போது பக்கத்தில் இருந்தவர்களிடம் எழுந்த ஓசை, நம் ஊர்ப்பக்கம் செய்தி கேட்ட பெண்களிடம் எழும் அதே ஓசை, மொழி தேவைப்படவில்லை.

பிறகு ‘எய்கா’ வாசித்தார்கள். நம் வேதாகமத்தில் புலம்பல் என்றிருக்கும் நூல்தான் அது. முதற்சொல்லுக்கு எபிரேயத்தில் ‘எப்படி’ என்று பொருள். தமிழில் பெயர்த்தவர்கள் அந்த இடத்தில் ‘ஐயோ’ என்று வைத்தார்கள். அந்த இருட்டில் கேட்டபோது அவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று பட்டது. நூலின் கட்டுமானம் வியப்பூட்டுவது: முதல் நான்கு அதிகாரங்களும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை வரிசையாகத் தொட்டுச் செல்கின்றன, மூன்றாவது ஒவ்வோர் எழுத்தையும் மும்முறை தொட்டு 66 வசனங்களாக விரிகிறது, ஐந்தாவதில் 22 வசனங்கள் உண்டு, ஆனால் எழுத்து வரிசை இல்லை. நம் ஒப்பாரியில் கட்டுப்பாடு மெட்டில் இருக்கிறது. இங்கே எழுத்தில் இருக்கிறது. இந்த அளவு இல்லையென்றால் அழுகை ஓரிடத்திலும் நின்றிருக்காது. கடைசி வசனம் கடுமையானது என்பதால் அதோடு முடிப்பதில்லை. அதற்கு முந்தைய வசனமான "எங்களை உம்மிடம் திருப்பும், நாங்கள் திரும்புவோம்" என்பதைச் சபை முழுவதும் மீண்டும் உரக்கச் சொல்லி முடித்தது.

ஜூலை 27, வியாழன். ஆவ் 9

எழுந்ததும் பழக்கத்தில் அம்மையாருக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நானும் உண்ணவில்லை, தண்ணீர் மட்டும் பிற்பகலில் குடித்தேன். மேற்குச் சுவரின் முன்னே ஆயிரக்கணக்கானோர் தரையில் அமர்ந்து கீனோத் எனப்படும் புலம்பற்பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆலயத்தின் சுவரல்ல அது. ஆலயம் நின்ற மேட்டைத் தாங்கிய தடுப்புச் சுவர். மேட்டின் மேல் இன்று அல் அக்ஸா பள்ளிவாசலும் பாறை மாடமும் இருக்கின்றன. முஸ்லிம்களுக்கு அது ஹரம் அஷ்ஷரீஃப். யூதர்கள் அங்கே ஏறிப் பார்க்கலாம், தொழக் கூடாது என்பதே நெடுங்கால ஏற்பாடு. சமயத் தூய்மையைக் கருதி ஏறவே வேண்டாம் என்று யூத மதகுருமாரான தலைமை ரபிகள் பலகை வைத்திருக்கிறார்கள். இன்று ஓர் அமைச்சர் உட்படப் பலர் ஏறினார்கள் என்ற செய்தி வந்தபோது கீழே இருந்த சில முதியவர்கள் வருந்தியதைக் கண்டேன். இன்னொருவருடைய தொழுகைத் தலத்தில் இந்த நாளில் பதற்றம் கூட்டுவது சரியென்று எனக்கும் தோன்றவில்லை.

நண்பகல் கடந்ததும் ஒரு மாற்றம். அதுவரை தரையிலும் தாழ்ந்த முக்காலியிலும் இருந்தவர்கள் நாற்காலிக்கு எழுந்தார்கள். வீடு திரும்பினால், வாய் உலர்ந்த நிலையிலும் அம்மையார் துடைப்பத்தோடு நிற்கிறார். இந்த நாளில்தான் மேசியா பிறக்கிறார் என்றொரு பழைய வாக்கு உண்டாம். அதனால் அலெப்போவில் அவருடைய தாயார் நண்பகலுக்குப் பின் வீட்டைப் பெருக்குவாராம். துக்க வீட்டைக் கழுவுவது நமக்குத் தெரியும். அது போனவரை அனுப்பிய பிறகு. இது வரப்போகிறவருக்காக.

இரவு எட்டு மணியைச் சற்றுக் கடந்து நோன்பு முடிந்தது. ஆண்கள் உடனே வீட்டுக்கு ஓடவில்லை. ஜெப ஆலயத்தின் வாசலில், சந்தில், தலையை அண்ணாந்து நின்றார்கள். மாதந்தோறும் வளர்பிறையை வாழ்த்துவது வழக்கம்; ஆவ் மாதத்தில் அதை ஒன்பதாம் நாள் கழியும் வரை ஒத்திவைக்கிறார்கள். பாதியைத் தாண்டி வளர்ந்த நிலா வீடுகளுக்கு மேலே இருந்தது. வாழ்த்தின் நடுவே ஒவ்வொருவரும் மூவரைத் திரும்பிப் பார்த்து "ஷாலோம் அலேய்க்கெம்" என்று சொல்ல வேண்டும். கேட்டவர் "அலேய்க்கெம் ஷாலோம்" என்று மறுமொழி தர வேண்டும். ஒரு நாள் முழுவதும் வணக்கமே கேட்காத சந்தில் திடீரென்று எல்லாப் பக்கமும் சமாதானம், சமாதானம் என்ற குரல்கள். அம்மையார் வாசற்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையில் நீ சொன்னதற்கு இப்போது பதில்" என்று வணக்கம் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது.

ஜூலை 29, சனி. ஆவ் 11

நேற்று முடிதிருத்தும் கடைகளில் நிற்க இடமில்லை. சந்தின் கொடிகளிலெல்லாம் துணி. இறைச்சி மட்டும் உடனே திரும்பவில்லை. ஆலயம் பத்தாம் நாளும் எரிந்துகொண்டிருந்தது என்பதால் அந்த நாளும் கணக்கில் சேர்கிறது.

இன்று வாசித்தது ஏசாயா 40: "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்." எபிரேயத்தில் ‘நஹமூ, நஹமூ’ என்று ஒரே சொல் இரண்டு முறை வருகிறது, அதுவே இந்த ஓய்வுநாளின் பெயர். ஏறுவதற்கும் படிகள் உண்டு: ஏழு வாரங்கள், வாரம் ஓர் ஆறுதல் வாசிப்பு, புத்தாண்டு வரை. துக்கத்துக்கு மூன்று வாரம், ஆறுதலுக்கு ஏழு.

ஆகஸ்ட் 1, செவ்வாய். மாலையில் ஆவ் 15

முழுநிலா. அம்மையாரின் பேத்திக்குத் திருமணம். மூன்று வாரம் மூடிக் கிடந்த மண்டபங்களில் இப்போது நாள் கிடைப்பது அரிது. நம் ஆடி கழிந்து ஆவணி பிறந்தால் மண்டபத்துக்கு எவ்வளவு நெருக்கடியோ அவ்வளவு. இங்கே துக்கமும் திருமணமும் ஒரே மாதத்துக்குள், ஆறு நாள் இடைவெளியில் அடங்கியிருக்கின்றன.

இஸ்ரவேலருக்கு ஆவ் 15ஐயும் பாவநிவாரண நாளையும் போல மகிழ்ச்சியான நாட்கள் இருந்ததில்லை என்று மிஷ்னாவில் ரபான் ஷிமோன் பென் கம்லியேல் சொல்கிறார். அந்த நாட்களில் எருசலேமின் பெண்கள் வெள்ளை ஆடை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் ஆடுவார்கள். ஆடைகள் அனைத்தும் இரவல். அரசன் மகள் தலைமைக் குருவின் மகளிடம் வாங்குவாள், அவள் அடுத்தவளிடம் வாங்குவாள். சொந்தமாக ஆடை இல்லாதவள் தலைகுனியக் கூடாது என்பதற்காக எல்லோருமே இரவல் வாங்கினார்கள். இன்று கடைகளில் இது காதலர் நாளாகச் சிவப்பு ரோஜாவோடு விற்பனையாகிறது. எனக்கு மிஷ்னாவின் வெள்ளையே போதும்.

மலைச்சரிவில், திறந்த வானத்தின் கீழ், நான்கு கழிகளில் விரித்த விதானத்தில் திருமணம் நடந்தது. மணமகனின் நெற்றியில் சிறிது சாம்பலைத் தொட்டு வைத்தார்கள். "எருசலேமே, நான் உன்னை மறந்தால் என் வலக்கை மறக்கட்டும்" என்று அவன் சொல்லி, துணியில் சுற்றிய கண்ணாடிக் குவளையைக் காலால் மிதித்தான். உடைந்த ஓசை கேட்டதும் இசை தொடங்கியது. கூடாரத்துப் பேரனும் சட்டத்தை ஆதரிக்கும் மருமகனும் ஒரே வட்டத்தில், ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஆடினார்கள். அவர்கள் சமாதானமானார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஆடினார்கள், அவ்வளவே.

மணப்பெண்ணின் வெள்ளை அங்கியின் கைவிளிம்பில் சிறு தையல் ஒன்று பிரிந்திருந்தது. விருந்துக்கு நடுவே அம்மையார் ஊசியும் நூலும் எடுத்து அதைச் சரிசெய்தார். அங்கி அவர்களுடையதல்ல. மணப்பெண்களுக்கு உடை இரவல் கொடுப்பதற்கென்றே இந்த நகரில் பல வீடுகளில் நடத்தப்படும் கெமாஹ் ஒன்றிலிருந்து வாங்கியது. வியாழனன்று சலவை செய்து திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் அதை உடுத்த இன்னொரு பெண் பெயர் எழுதி வைத்திருக்கிறாள்.